எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பிடித்துக் கோளாறைத் தேடும் வழி

செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு, தென்மலை என்று மலை ஏறி இறங்கும் வண்டிகளில் ஸ்டியரிங் கோளாறு சீக்கிரமே வெளியே தெரிந்துவிடும். தென்காசி ரோட்டில் நேராக ஓடும்போது கைக்குத் தட்டுப்படாத குறையைப் புளியரை எஸ் வளைவின் முதல் திருப்பமே காட்டிக்கொடுக்கும். கடையநல்லூர் வண்டி வந்து "அண்ணாச்சி, ஸ்டியரிங் மக்கர் பண்ணுது" என்றாலும், புனலூர் வண்டி வந்து "சேட்டா, ஸ்டியரிங் பயங்கர டைட்டாணு" என்றாலும் பார்க்க வேண்டிய இடங்கள் ஒன்றுதான். அதில் பாதிக்கு மேல் ஸ்டியரிங்கிலேயே இருக்காது, அதற்குப் போகும் கரண்டில் இருக்கும். ஆனால் கடைக்குக் கடை முதலில் சொல்லும் பதில் "காலம் அசெம்பிளி போச்சு, மாத்தணும்" என்பதுதான். காலம் என்றால் ஸ்டியரிங் தண்டும் அதோடு ஒட்டிய மோட்டாரும் சேர்ந்த மொத்த அமைப்பு, வண்டியிலேயே விலை அதிகமான சாமான்களில் அதுவும் ஒன்று. அதை மாற்ற ஒப்புக்கொள்ளும் முன் செய்து பார்க்க வேண்டியவை இங்கே.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். "பவர் ஸ்டியரிங் ஆயில் ஊத்தினா சரியாகுமா?" என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. சின்ன கார்களில் இப்போது பெரும்பாலும் ஆயிலும் கிடையாது, பம்பும் கிடையாது. டாஷ்போர்டுக்கு அடியில், ஸ்டியரிங் தண்டோடு ஒட்டி ஒரு மோட்டார் இருக்கும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உள்ளே ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி லேசாக முறுகும். எந்தப் பக்கம், எவ்வளவு முறுகியது என்பதை, முறுக்கை அளக்கும் டார்க் சென்சார் கண்ட்ரோலருக்குச் சொல்லும். வண்டி போகும் வேகத்தையும் பார்த்து, எவ்வளவு உதவலாம் என்று கண்ட்ரோலர் கணக்குப் போட்டு மோட்டாருக்குக் கரண்ட் விடும். மோட்டார் ஒரு இரும்பு வார்ம் தண்டு (திருகுபோல் புரி உள்ள தண்டு) மூலம் நைலான் பல்சக்கரத்தைச் சுற்றி உங்கள் கைக்குத் துணை செய்யும்.

நேர் ரோட்டில் இந்த மோட்டார் கிட்டத்தட்ட சும்மா இருக்கும். வண்டியை நிறுத்திவைத்து ஸ்டியரிங்கை ஒடித்தால் ஒரு கணத்தில் 40, 50 ஆம்பியர் வரை இழுக்கும். அதனால்தான் இதற்குப் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயரும், தனியாக ஒரு பெரிய பியூஸும் வைத்திருக்கிறார்கள். ஐட்லிங்கில் டைனமோ தருவது இந்த இழுப்புக்குப் போதாது. குறைவதைப் பேட்டரிதான் ஈடுகட்ட வேண்டும்.

மலையில் ஓடும்போதே விளக்கு எரிந்தால்

ஸ்டியரிங் படம் போட்ட விளக்கோ, இபிஎஸ் (எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்) என்று எழுதிய விளக்கோ எரிந்து உதவி நின்றுபோனாலும் ஸ்டியரிங் வீலுக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள இரும்பு இணைப்பு அப்படியேதான் இருக்கிறது. வண்டி திரும்பும், கை வலிக்கத் திரும்பும். பதறாமல் வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் பிடித்து, அகலமான இடம் வரும்வரை ஓட்டி ஓரம் கட்டுங்கள். நின்ற பிறகு இக்னிஷனை ஆஃப் செய்து, சில நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். விளக்கு அணைந்தால் அது தற்காலிகக் கோளாறு, கீழே இறங்கிக் காட்டிக்கொள்ளலாம்.

டீசல் மிச்சம் என்று கோட்டைவாசலிலிருந்து புளியரை வரை நியூட்ரலில் போட்டு இன்ஜினையே ஆஃப் செய்து இறக்கும் டிரைவர்கள் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் உதவி போய்விடும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்யூமும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். சாவியைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். இப்படி ஓட்டுபவருக்கு ஸ்டியரிங் ரிப்பேர் சொல்லிக் கொடுத்துப் பயனில்லை.

இன்னொன்று: கையை எடுத்தால் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் திரும்புகிறது, அல்லது இடையிடையே வெடுக்கென்று இழுக்கிறது என்றால் அப்படியே ஓட்டவே வேண்டாம். ஸ்டியரிங் பியூஸைப் பிடுங்கிவிட்டுக் கனமாகவே மெல்ல ஓட்டி வரலாம், இல்லையென்றால் ரெக்கவரி வண்டியில் ஏற்றலாம்.

எப்போதும் கனம், விளக்கும் எரிகிறது

இக்னிஷனை ஆன் செய்ததும் விளக்கு எரிந்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைவதுதான் முறை. அணையாவிட்டால் முதலில் பேட்டரிக்குப் போங்கள். கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் அப்புறம்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.5-லிருந்து 14.5 வரை. ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாம் போட்டு ஐட்லிங்கில் விட்டுப் பாருங்கள். 13-க்குக் கீழே இறங்கினால் பெல்ட் வழுக்குகிறதா, டைனமோ தருகிறதா என்று பார்க்க வேண்டும். வோல்டேஜ் குறையக் குறையக் கண்ட்ரோலர் உதவியைக் குறைத்து, 9, 10 வோல்ட் பக்கம் வந்தால் முழுதாகக் கையை விரித்துவிடும். லோ வோல்டேஜில் வயற்காட்டுப் பம்புசெட் முனகுகிற அதே கதைதான். மோட்டார் நல்ல மோட்டார், வரும் கரண்ட்தான் நோஞ்சான்.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தால் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவி, துடைத்து, இறுக்கிப் போடுங்கள். கையால் முறுக்கினால் கிளாம்ப் அசையவே கூடாது.

பிறகு பெரிய பியூஸ். பானட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் 50, 60, 80 ஆம்பியர் என்று வண்டிக்கு வண்டி மாறும். கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லாதீர்கள். சில பியூஸ் போல்ட்டால் முடுக்கியிருக்கும், போல்ட் லூசாகி அடியில் கருகியிருக்கும், மேலே பார்க்கப் புதிதுபோல இருக்கும். டாஷ்போர்டுக்கு அடியில் இக்னிஷனுக்கென்று இன்னொரு சின்ன பியூஸ் உண்டு, அதையும் பாருங்கள். எரிந்த பியூஸுக்குப் பதிலாக ஆம்பியர் கூடியதைப் போட்டால் வயர்தான் எரியும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கனமாக இருந்தால்தான் உண்மையான வேலை ஆரம்பம். இங்கேதான் பலர் மல்டிமீட்டரை ஓமில் வைத்து வயரைச் சோதித்து, "வயர் நல்லா இருக்கு" என்று முடித்துவிடுகிறார்கள். வயருக்குள்ளோ, பேட்டரி நெகட்டிவ்வைப் பாடியோடு சேர்க்கும் எர்த் போல்ட்டிலோ 0.02 ஓம் தடை இருந்தால் சாதாரண மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் 50 ஆம்பியர் ஓடும்போது அந்த 0.02 ஓம் 1 வோல்ட்டை விழுங்கிவிடும். ஆகவே லோடு ஓடும்போது வோல்ட்டில்தான் அளக்க வேண்டும்.

செய்முறை இது. மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடட்டும். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்பில் வேண்டாம். இன்னொரு முனையைக் கண்ட்ரோலர் கப்ளரின் (வயர்களைச் சொருகும் இணைப்பின்) பின்பக்கம் வழியாக எர்த் பின்னில் நுழையுங்கள். கூட ஒருவரை உட்காரவைத்து ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொல்லுங்கள். 0.1, 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் எர்த் நல்லது. அதற்கு மேலே ஏறினால் எர்த் போல்ட்டைத் தேடிப் போகலாம். பாசிட்டிவ் பக்கமும் இப்படியே: பேட்டரி பாசிட்டிவ் கம்பத்துக்கும் கண்ட்ரோலரின் மெயின் சப்ளை பின்னுக்கும் நடுவே அளந்தால், திருப்பும்போது அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

ஆரியங்காவுப் பக்கத்து டாக்ஸி ஒன்று. வேறொரு கடையில் காலம் அசெம்பிளியே மாற்றி, பத்து நாளில் அதே விளக்கோடு வந்தது. நெகட்டிவ் பக்கம் மீட்டரை வைத்து ஸ்டியரிங்கை ஒடித்ததும் 1.4 வோல்ட். பேட்டரி டிரேயைத் தூக்கினால் பாடியில் முடுக்கிய எர்த் போல்ட்டின் வாஷருக்கு அடியில் பெயின்ட் உரிந்து, செம்மண் நிறத்தில் துரு பொரிந்திருந்தது. உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புது வாஷர் வைத்து முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவியதோடு வேலை முடிந்தது. மீட்டரில் 0.06. கழற்றிப் போட்ட பழைய காலம் நல்ல காலமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சில நேரம் மட்டும் கனம், பிறகு தானாகச் சரியாகிறது

எப்போது கனமாகிறது என்று டிரைவரிடம் துருவித் துருவிக் கேளுங்கள். பதிலிலேயே பாதி வேலை முடியும்.

நெருக்கடியான இடத்தில் முன்னும் பின்னும் ஒடித்து ஒடித்துப் பார்க்கிங் செய்த பிறகு கனமானால் அது கோளாறே இல்லை. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைக் கோடியில் பிடித்துக்கொண்டே இருந்தால் மோட்டாரும் கண்ட்ரோலரும் சூடேறும். எரிந்துவிடாமல் இருக்கக் கண்ட்ரோலர் தானே கரண்ட்டைக் குறைக்கிறது. சில நிமிடம் ஆறினால் பழைய நிலைக்கு வந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வண்டிகள் ஆரியங்காவில் இடம் தேடி ஒடிக்கும்போது இந்தப் புகார் நிறைய வரும். வண்டியை ஓரடியாவது உருட்டிக்கொண்டே ஒடித்தால் மோட்டாருக்குப் பாதி வேலை குறையும். முன் டயரில் காற்று குறைந்திருந்தாலும் இதே சூடு சீக்கிரம் வரும்.

ராத்திரி மழையில் மட்டும் கனமானால், ஹெட்லைட், பனி விளக்கு, வைப்பர், புளோயர் எல்லாம் சேர்ந்து இழுக்க, செக்போஸ்ட் வரிசையில் ஐட்லிங்கில் நிற்கும்போது டைனமோ ஈடுகொடுக்கவில்லை என்று அர்த்தம். மேலே சொன்ன பேட்டரிச் சோதனைக்குத் திரும்புங்கள்.

குழியில் விழுந்தால் போகிறது, இன்னொரு குழியில் விழுந்தால் வருகிறது என்றால் கப்ளர் லூஸ். கண்ட்ரோலர் டாஷ்போர்டுக்கு அடியில் டிரைவரின் காலுக்கு மேலேயே இருப்பதால் கால் பட்டும், ஆடியோ, அலாரம் மாட்டியவர்கள் வயரை இழுத்தும் கப்ளர் பாதி கழன்று நிற்பது உண்டு. இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு கப்ளரையும் மெல்ல அசைத்து விளக்கைக் கவனியுங்கள். கார்பன் பிரஷ் உள்ள பழைய மோட்டாராக இருந்தால், கனமாக இருக்கும் நேரத்தில் ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் மோட்டாரை லேசாகத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் உயிர் வந்தால் பிரஷ் தேய்ந்துவிட்டது.

மழைக்குப் பிறகு வந்த கோளாறு

இந்தப் பக்கத்துக்கே உரியது இது. புனலூர், தென்மலைப் பக்கம் ரப்பர்த் தோட்டங்களில் டிசம்பருக்கு மேல் பிப்ரவரிவரை இலை உதிரும். மரத்தடியில் நிற்கும் வண்டியின் முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் அடியில் உள்ள பள்ளத்தில் அந்த இலை போய் அடைந்து மக்கும். அப்போது யாருக்கும் எதுவும் தெரியாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும், வெளியே ஓட வேண்டிய தண்ணீர் வடிகால் அடைத்துப்போய்ப் புளோயர் வழியாக உள்ளே வழிந்து கால்மிதியடியில் தேங்கும். கம்பளத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். சொதசொதவென்று இருந்தால் கண்ட்ரோலர் கப்ளரைக் கழற்றிப் பின்களைப் பார்த்துவிடுங்கள். பச்சை படிந்திருந்தால் எலக்ட்ரிக் காண்டாக்ட் கிளீனர் அடித்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். பின் அரித்து மெலிந்திருந்தால் அந்தப் பின்னையே மாற்ற வேண்டும், சுரண்டினால் இன்னும் லூசாகும். வடிகாலைச் சுத்தம் செய்யாமல் கப்ளரை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த மழைக்கு வண்டி திரும்ப வரும்.

வயலோரம் வீடு உள்ளவர்களின் வண்டியில் எலியையும் சந்தேகப்பட வேண்டும். சக்கரத்தின் வேகத்தைச் சொல்லும் ஏபிஎஸ் சென்சார் வயரை எலி கடித்தால் ஏபிஎஸ் விளக்கும் ஸ்டியரிங் விளக்கும் சேர்ந்து எரியும். சில வண்டிகளில் ஸ்பீடோமீட்டரும் படுத்துவிடும். வேகம் தெரியாத கண்ட்ரோலர் உதவியை ஒரே அளவில் நிறுத்திவைத்துக்கொள்ளும், அல்லது விட்டுவிடும். மூன்றும் ஒன்றாகப் போனால் ஸ்டியரிங்கைத் தொடாமல் சக்கரத்துப் பக்கம் போங்கள்.

ஒரு பக்கம் இழுக்கிறது

பெரும்பாலும் இது எலக்ட்ரிக் சமாசாரம் இல்லை. நான்கு டயரிலும் காற்று சரியா என்று பாருங்கள். முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் குற்றவாளி. டயர் சுற்றும் திசை குறித்த வகையாக இருந்தால் இப்படி மாற்ற முடியாது. மழைத்தண்ணீர் வடிவதற்காக ரோடு ஓரம் சரிந்திருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் லேசாக இடப்பக்கம் ஒதுங்குவது இயல்பு, அதற்குப் போய்ச் செலவு செய்ய வேண்டாம்.

அலைன்மெண்ட்டும் பார்த்தாயிற்று, இன்னும் இழுக்கிறது என்றால் ஒரு எளிய சோதனை: ஆளில்லாத நேர் ரோட்டில், ஸ்டியரிங் பியூஸைக் கழற்றி மெல்ல ஓட்டுங்கள். அப்போதும் இழுத்தால் சக்கரம், சஸ்பென்ஷன் பக்கம். பியூஸ் இல்லாமல் நேராகப் போய், பியூஸ் போட்டால் இழுத்தால் டார்க் சென்சாரின் பூஜ்ய நிலை தவறியிருக்கிறது. ஸ்கேனரில் லைவ் டேட்டா போட்டு, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். டார்க் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும், இடமும் வலமும் ஒரே அளவு திருப்பினால் ஒரே அளவு ஏற வேண்டும். பல பழைய மாடல்களில் சென்சாரின் இரண்டு சிக்னலும் நேராக இருக்கும்போது 2.5 வோல்ட் பக்கம் நிற்கும், திருப்பினால் ஒன்று ஏற, ஒன்று இறங்கும், கூட்டினால் 5. புது மாடல்களில் சிக்னல் டிஜிட்டல், மீட்டரால் அளந்து பயனில்லை.

திரும்பி நேராக வரமாட்டேன் என்கிறது

முன் பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, இன்ஜினை ஆஃப் செய்து, ஸ்டியரிங் பூட்டைத் திறந்து கையால் கோடிக்குக் கோடி சுற்றுங்கள். ஒரு சுற்றில் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் இறுகினால் தண்டு வளையும் மூட்டான யூனிவர்சல் ஜாயிண்ட் துருப்பிடித்து இறுகியிருக்கும். எல்லா இடத்திலும் இறுக்கமாக இருந்தால் பால் ஜாயிண்ட், ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங், ராக்கை (சக்கரங்களை இடம் வலம் தள்ளும் பல்தண்டை) அழுத்திப் பிடிக்கும் நட் ஆகியவற்றைப் பாருங்கள். சத்தம் வருகிறது என்று அந்த நட்டை அளவுக்கு மேல் முடுக்கி, வளைவில் வண்டி நேரே வராமல் செய்து அனுப்பும் வேலை நடக்கிறது. மலைப்பாதையில் அது ஆபத்து.

டக் டக் சத்தம்

வண்டி நின்றிருக்கும்போது ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்டினால் சத்தம் வருகிறதா, கல் ரோட்டில் ஓடும்போது மட்டும் வருகிறதா என்று பிரித்துக்கொள்ளுங்கள். கல் ரோட்டில் மட்டும் என்றால் டை ராட் எண்ட், லிங்க் ராட், ராக் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட். நின்ற இடத்தில் வந்தால் ஒருவர் ஸ்டியரிங்கை ஆட்டட்டும், நீங்கள் பெடலுக்குக் கீழே குனிந்து யூனிவர்சல் ஜாயிண்ட்டை உள்ளங்கையால் பிடியுங்கள். தேய்ந்த ஜாயிண்ட் கையிலேயே தட்டும். அங்கே இல்லாமல் மேலே மோட்டார் பக்கம் தட்டினால் வார்ம் பல்லும் நைலான் சக்கரமும் தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கிறது.

சில கொரிய வண்டிகளில் மோட்டாருக்கும் வார்ம் தண்டுக்கும் நடுவே விரல் நுனியில் அடங்கும் ரப்பர் கப்ளிங் ஒன்று உண்டு. வருடக்கணக்கில் வெயிலும் சூடும் பட்டு அது பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அந்தச் சின்ன ரப்பர் தனியாகவே கிடைக்கிறது, மோட்டாரை அவிழ்த்து மாற்றிவிடலாம். சத்தத்துக்கு முழு அசெம்பிளி விலை சொன்னால் இதைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

ஸ்டியரிங் வீலின் விளிம்பில் ப்ளேயையும் அளந்து வையுங்கள். சக்கரம் நகராமல் வீல் மட்டும் ஆடும் தூரம் பல கையேடுகளில் அதிகபட்சம் 30 மில்லிமீட்டர்.

ஸ்கேனர் காட்டும் கோடு

சி என்று தொடங்கும் கோடு (கோளாறு எண்) சேசிஸ் பக்கம், யூ என்று தொடங்குவது கண்ட்ரோலர்களுக்கு இடையே பேச்சு அறுந்தது. யூ0131 வந்தால் மற்ற கண்ட்ரோலர்களுக்குப் பவர் ஸ்டியரிங் கண்ட்ரோலரோடு தொடர்பு இல்லை. அதற்கும் முதல் காரணம் கரண்ட் போகாததுதான். கோடைப் படித்ததும் எழுதி வைத்துக்கொண்டு அழியுங்கள், ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள். திரும்ப வருவது மட்டுமே இன்றைய கோளாறு. என்றோ பேட்டரி இறங்கியபோது பதிந்த பழைய கோடைக் காட்டி சாமான் விற்பது சுலபம். பேட்டரி மாற்றியபின் விளக்கு எரிந்தால், சில வண்டிகளில் ஸ்டியரிங்கை ஒரு முறை கோடிக்குக் கோடி திருப்பி, நேராக வைத்துக் கொஞ்சம் ஓட்டினாலே அணைந்துவிடும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றி, ஏர்பேக் கரண்ட் வடியும் வரை கையேட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள். சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டியரிங் வீல் சுற்றாமல் சீட் பெல்ட்டால் கட்டிவிடுங்கள். கீழே தண்டு கழன்ற பிறகு வீலைச் சுற்றினால் உள்ளிருக்கும் ஏர்பேக் சுருள் ரிப்பன் அறுந்து, இல்லாத செலவு வந்து சேரும். தண்டின் ஜாயிண்ட்டும் ராக் முனையும் சேரும் இடத்தில் பெயின்ட்டால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல் மாறினாலும் வீல் கோணலாக நிற்கும். மாட்டும்போது அந்தப் போல்ட்டைக் கையேட்டு அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள், முடிந்தால் புதுப் போல்ட் போடுங்கள். மற்ற எந்த போல்ட்டை மறந்தாலும் வண்டி வீடு வந்து சேரும், இதை மறந்தால் சேராது.

செகண்ட்ஸ் வாங்கினால் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்துவரை ஒத்திருக்க வேண்டும். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் முன்பக்க எடை வேறு, அதனால் உதவிக் கணக்கும் வேறாக இருக்கலாம். மாட்டியபின் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தை நேராக்கி, ஸ்டியரிங்கில் கை வைக்காமல் ஸ்கேனரில் பூஜ்யம் பதியுங்கள். டொயோட்டாவில் சி1515 வந்தால் இந்தப் பூஜ்யம் பதியவில்லை என்றுதான் அர்த்தம், சாமான் பழுது இல்லை.

டெஸ்ட் டிரைவுக்குப் புளியரை எஸ் வளைவைவிட நல்ல இடம் கிடையாது. ஏறும்போது இரண்டு பக்கமும் கனம் ஒரே அளவா, வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தினால் வீல் தானே நேருக்கு வருகிறதா, இறங்கும்போது நடுவில் தயங்குகிறதா என்று பாருங்கள். கடைக்குத் திரும்பியதும் கோடு ஏதாவது விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை படித்துவிட்டு, கழற்றிய பழைய காலத்தை வண்டிக்காரரிடமே கொடுத்தனுப்புங்கள்.